மட்டக்குதிரை ஏறுவோரின் கொள்கைப் பிரகடனம்

வளர்ந்தவர்கள் மட்டக்குதிரை வாங்கலாம், வளர்க்கலாம், ஏறி ஓட்டலாம். வேறு வழியில்லாமல் செய்ய வேண்டியதில்லை, விரும்பியே செய்யலாம். இதை ஊரறியச் சொல்லவும், சொன்னபடி நடந்து காட்டவும் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

நாங்கள் கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்துக்காரர்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள், ஆசிரியர்கள், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், கால்நடை மருத்துவம் படித்தவர்கள் எங்களில் உண்டு. பாதிக்கு மேல் பெண்கள். மட்டக்குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது, "என்னங் மாமா, குதிரை வாங்கப் போய் கழுதைய வாங்கிட்டு வந்துட்டீங்க?" என்ற பேச்சைக் கேட்காதவர் எங்களில் ஒருவரும் இல்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்து, தனக்கு ஒத்துவராத பெரிய குதிரையை வாங்கி, ஏற முடியாமல் கொட்டகையிலேயே கட்டிவைத்திருப்பவர்களையும் எங்களுக்குத் தெரியும். அவர்களுக்காகவும், கட்டிக்கிடக்கும் அந்தக் குதிரைகளுக்காகவும் பேசுகிறோம்.

பிடரி முடிகிற இடத்தில், தோள்மேட்டில் அளந்தால் 58 அங்குலத்துக்குள் இருப்பதையே மட்டக்குதிரை என்கிறோம். உலகெங்கும் 14.2 கை என்று சொல்லப்படும் அளவு இதுதான். ஒரு கை என்பது 4 அங்குலம். புள்ளிக்குப் பின்னால் வருவது மிச்ச அங்குலம்.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்லப்போவது புரியும். அங்கே முதல் கேள்வி, "எத்தனை இன்ச்?" 60, 62, 64 என்று உயரம் ஏற ஏற விலையும் ஏறுகிறது. அடுத்த கேள்வி சுழி. நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே, ராசியா, தோஷமா என்று நான்கு பேர் கூடி நின்று பார்க்கிறார்கள். குளம்பைத் தூக்கிப் பார்ப்பதும், வாங்குகிறவரின் எடையைக் கேட்பதும், எந்தப் பாதையில் ஓட்டப்போகிறார் என்று விசாரிப்பதும் கடைசியில்தான் வருகின்றன. பல நேரம் அதற்குள் பணம் கைமாறிவிடுகிறது.

உயரமே குதிரைக்கு அழகு என்ற எண்ணம் நம் கண்ணில் ஊறியது. அய்யனார் கோயில் வாசலில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் மண்குதிரை, ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கற்குதிரை, வைகையில் அழகர் ஏறிவரும் தங்கக்குதிரை இவற்றைப் பார்த்தே வளர்ந்தோம். அவற்றை வணங்குகிறோம். வீட்டுக் கொட்டகையில் கட்டித் தீனி போடப்போகிற உயிரை அந்த அளவுகோலால் அளக்க மாட்டோம்.

உயரத்தின் மேல் மட்டுமல்ல, வெளிநாட்டுக் குதிரை மேலும் நமக்கு மோகம் உண்டு; அதற்கு இந்த மண் முன்பே பெரிய விலை கொடுத்திருக்கிறது. பாண்டியர்கள் கடல் வழியே அரபுக் குதிரைகளை இறக்கினார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார், ஆண்டு முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்தார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்பது அவர் சொன்ன காரணம். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வெயிலும் இந்தத் தீவனமும் எல்லாக் குதிரைக்கும் ஒத்துப்போகாது என்பதை இன்றும் எந்த லாயக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

இனி நம் உடம்புக்கு வருவோம். நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ.; ஆண்களுடையது சுமார் 165. 64 அங்குலக் குதிரையின் தோள்மேடு 163 செ.மீ. ஐந்தடிப் பெண் அதன் பக்கத்தில் நின்றால் அந்தப் பக்கம் நிற்பவர் தெரிய மாட்டார். அங்கவடி இடுப்புக்கு மேலே தொங்கும். இடது காலை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கி, முழங்காலை மடக்கி, மொத்த உடம்பையும் அந்த ஒற்றைக் காலில் இழுத்தேற்ற வேண்டும். ஆள் தூக்கிவிட வேண்டும், அல்லது திண்ணையோ கல்லோ தேட வேண்டும். வீட்டில் அது நடக்கும். காட்டுப் பாதையில் இறங்கி நின்றால் திரும்ப ஏற்றிவிட யார் இருக்கிறார்கள்? மூட்டு தேய்ந்தவர், பிரசவத்துக்குப் பின் இடுப்பு வலியோடு மீண்டும் சேணம் ஏற நினைப்பவர், ஒருமுறை விழுந்து அந்தப் பயம் உடம்பிலேயே தங்கிவிட்டவர் என்று எத்தனையோ பேர் இந்த ஓர் இடத்திலேயே குதிரையை விட்டுவிட்டார்கள். 54 அங்குலக் குதிரையில் அவர்களால் தரையிலிருந்தே ஏற முடியும். விழுந்தாலும் விழும் தூரம் குறைவு. சேணத்தைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை, தாழ்ந்த கிளைக்குக் குனிந்து குனிந்து போகவும் வேண்டியதில்லை.

சின்னப்பிள்ளைகளுக்கு உரியது என்று இதை ஒதுக்குபவர்கள் கொஞ்சம் வெளியே பார்க்கட்டும். ஐஸ்லாந்துக் குதிரை 13, 14 கை உயரம்தான். அந்த நாட்டு விவசாயிகள் இலையுதிர்காலத்தில் மலையில் மேயும் ஆடுகளை அதன் மேல் ஏறிப்போய்த்தான் ஓட்டி வருகிறார்கள். மங்கோலியக் குதிரையும் அதே அளவுதான். செங்கிஸ்கானின் படை ஏறி வந்தது அதன் மேல். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 'ஸ்ட்ரோலர்' என்ற மட்டக்குதிரையில் தடை தாண்டிய மரியன் கோக்ஸ், தனிநபர் பிரிவில் வெள்ளி வென்றார். 2007-இல் அமெரிக்காவின் கென்டகியில் நடந்த மும்முனைக் குதிரையேற்றப் போட்டியில், உலகின் மிகக் கடினமான போட்டிகளில் ஒன்றில், 14.1 கை உயரமே இருந்த 'தியடோர் ஓ'கானர்' மூன்றாமிடம் பிடித்தது. ஏறியிருந்த கேரன் ஓ'கானருக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று எங்களுக்கு மிகப் பிடித்தது. 2020 மே மாத இறுதியில், 94 வயது எலிசபெத் ராணி விண்ட்சர் பூங்காவில் குதிரை ஏறிச் செல்லும் படங்கள் வெளிவந்தன. உலகின் எந்தக் குதிரையையும் தேர்ந்தெடுக்க முடிந்தவர் ஏறியிருந்தது 'பால்மோரல் ஃபெர்ன்' என்ற ஃபெல் மட்டக்குதிரை.

ஃபெல் இனம் இன்று உயிரோடு இருப்பதே பெரிய காரியம். எட்டாம் ஹென்றி காலத்தில், 1540-இல் வந்த சட்டம், 15 கைக்குக் குறைந்த பொலிக்குதிரைகளை இங்கிலாந்தின் பல பகுதிகளில் பொது மேய்ச்சல் நிலத்தில் விடக் கூடாது என்றது. நல்ல குட்டி ஈனாது என்று தோன்றிய குதிரைகளைக் கொல்லவும் அதில் இடமிருந்தது. போருக்குப் பெரிய குதிரை வேண்டும் என்ற ஆசை அது. அரசின் கை எட்டாத மலையிலும் சதுப்பிலும் திரிந்த குட்டைக் குதிரைகள் தப்பின.

குட்டைக் குதிரைகளை ஒதுக்க நம் நாட்டில் சட்டமே தேவைப்படவில்லை. மணிப்பூரிகள் தங்கள் குட்டைக் குதிரைகளில் ஆடிவந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்கள் 1859-இல் சில்சாரில் போலோ கழகம் தொடங்கினார்கள். பிறகு விதி எழுதினார்கள், உயர வரம்பு வைத்தார்கள், அதை ஏற்றினார்கள், முதல் உலகப்போருக்குப் பின் வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஆட்டம் உலகம் முழுவதும் போனது. அதைக் கற்றுக்கொடுத்த குதிரை தன் ஊரிலேயே மேய்ச்சல் நிலம் இழந்து நிற்கிறது. மணிப்பூரிக் குதிரைகள் 2003 கணக்கெடுப்பில் 1,898. 2012-இல் 1,101. லடாக்கின் ஜன்ஸ்காரி, இமாச்சலத்தின் ஸ்பிதி, சிக்கிம் பக்கத்துப் பூட்டியா, தக்காணத்தில் பீமா நதிக்கரையின் பீம்தடி எல்லாம் நம் இனங்கள்தான். ஏறுவதற்கு ஆள் இல்லாத இனத்தை யாரும் வளர்க்க மாட்டார்கள். இந்த இனங்கள் நிலைக்க வேண்டுமானால், காசு கொடுத்து வாங்கி ஒழுங்காக ஏறுகிற பெரியவர்கள் வேண்டும்.

'ஒழுங்காக' என்ற சொல்லில் நாங்கள் எந்தச் சமரசத்துக்கும் தயாராக இல்லை. எங்கள் கொள்கையின் உயிர்நாடி எடை. ஏறுகிறவர், சேணம், தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சுமை 25 விழுக்காட்டைத் தொட்டபோதே குதிரைகளின் தசைவலியும் இதயத் துடிப்பும் கூடின. மங்கோலியாவில் 2009 முதல் நடக்கும் 1000 கி.மீ. ஓட்டத்திலும் ஏறுகிறவர் எடைக்கு வரம்பு உண்டு. சுமார் 40 கி.மீ.க்கு ஒருமுறை குதிரையை மாற்றியாக வேண்டும்.

எடைமேடை இல்லாத ஊரில் தையல்காரர் நாடாவே போதும். முன்னங்காலுக்குப் பின்னால், வார் இறுக்கும் இடத்தில், குதிரை மூச்சை வெளியே விட்ட பிறகு நெஞ்சுச் சுற்றளவை எடுங்கள். பிறகு தோள்பட்டை முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளம். செ.மீ. கணக்கில் சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை கிலோ என்று வரும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் 265 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு 53. சேணத்துக்கு 8 கிலோ கழித்தால், ஏறுகிறவர் 45 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மலைச் சுற்றுலா இடங்களில் எண்பது கிலோ ஆளை இத்தகைய குதிரை மேல் ஏற்றிப் படம் எடுப்பது கொடுமை, அதை எதிர்க்கிறோம். அறுபத்தைந்து கிலோக்காரருக்குச் சுற்றளவு 170, நீளம் 150 உள்ள, எலும்பு தடித்த குதிரை பொருந்தும். எண்பது கிலோக்காரர் பெரிய குதிரைதான் ஏற வேண்டும். அதை அவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்வோம். அவர் எங்கள் தோழராக இருக்கலாம். வண்டி பூட்டி ஓட்டலாம்.

மட்டக்குதிரை முரடு, கடிக்கும், உதைக்கும் என்கிறார்கள். அதற்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. பெரிய குதிரைக்குப் பயிற்சியாளர் வைப்பவர்கள், குட்டைக் குதிரையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்குக் கை நிதானப்படவில்லை. கடிவாளத்தைப் பிடித்தே சமநிலை தேடும். நாள் முழுக்க வாயில் இரும்பு இழுபட்டால் வாய் மரத்துப்போகும். பிறகு இன்னும் கூரான இரும்பு வரும். சுற்றுலாக் குதிரைக்கோ கயிறு பிடித்து இழுக்கும் வழி ஒன்றே தெரியும். நிதானமான கையும், ஒரே மாதிரி நடந்துகொள்ளும் பொறுமையும் உள்ள பெரியவரிடம் வந்தால் அதே குதிரை சில மாதங்களில் காலின் லேசான அழுத்தத்துக்குத் திரும்புகிறது, சேணத்தில் உடம்பை நிமிர்த்தினாலே நிற்கிறது. எங்களில் பலர் இதைத் தங்கள் குதிரையிடம் பார்த்தவர்கள். மட்டக்குதிரைக்குப் பெரியவர்கள் தேவை என்று நாங்கள் சொல்வதன் முழுப்பொருளும் இதில் இருக்கிறது.

தீனியில் பாசம் காட்டி மட்டக்குதிரையைக் கொல்லாதீர்கள். வறண்ட மலையில் அரைவயிற்றுக்கு மேய்ந்து பழகிய வம்சம் இது. கொள்ளும் தவிடும் வெல்லமும் அள்ளிப் போட்டால் பிடரிக்கு அடியில் கொழுப்பு கெட்டியாகத் திரளும், விலா எலும்பு கைக்கு அகப்படாது. ஒருநாள் காலையில் பார்த்தால் முன்னங்காலை நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கும். குளம்பைத் தொட்டால் சுடும். குளம்புக்கு மேலே விரல் வைத்தால் நாடி தெறிக்கும். குளம்பழற்சி வந்துவிட்டது என்று பொருள். உடனே மருத்துவரை அழையுங்கள். வராமல் தடுக்க, காய்ந்த புல்லே பிரதான உணவாகவும், கொள்ளு வேலைக்கேற்ற அளவிலும் இருக்கட்டும்.

எல்லாக் குட்டைக் குதிரையும் ஏறுவதற்கே என்று நாங்கள் சொல்லவில்லை. இலங்கையின் நெடுந்தீவில் தலைமுறை தலைமுறையாகக் கட்டற்றுத் திரியும் குட்டைக் குதிரைகளைப் பிடித்துப் பழக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கோடையில் அவற்றுக்குத் தண்ணீர் கிடைத்தால் போதும்.

இனி எங்கள் உறுதிமொழி. மூன்று வயது நிரம்பாத குதிரை மேல் ஏற மாட்டோம். உயரத்தைக் காட்டி விலை பேச மாட்டோம். சுழி பார்த்து எந்தக் குதிரையையும் ஒதுக்க மாட்டோம். வயதாகி ஏறத் தகுதியில்லாமல் போன குதிரையைத் தெருவில் விட மாட்டோம். ஊட்டித் தெருக்களில் குப்பையில் வாய்வைக்கும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு இதை ஏன் எழுதிவைக்கிறோம் என்பது தெரியும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குதிரை ஓட்டிப் பிழைக்கும் அண்ணன்மாரோடு எங்களுக்குப் பகையில்லை. அவர்கள் குதிரைகளுக்குக் குளம்பு திருத்தவும், சீசன் இல்லாத மாதங்களில் தீவனத்துக்கு வழி செய்யவும் கூட நிற்போம். பெரிய குதிரை ஏறுகிறவர்களும் எங்கள் நண்பர்கள்தான். தன் எடைக்கும் வயதுக்கும் பாதைக்கும் அது பொருந்துகிறதா என்று மட்டும் ஒருமுறை யோசிக்கச் சொல்கிறோம்.

சேர விரும்புகிறவர்கள் வாருங்கள். சொந்தக் குதிரை வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாங்குவதற்கு முன் எங்கள் குதிரைகளில் ஏறிப் பாருங்கள், கொட்டகையைக் கூட்டிப் பாருங்கள், லாடம் அடிக்கும்போது காலைப் பிடித்துப் பாருங்கள். எடை பார்த்த பிறகே ஏற்றுவோம்.