நாற்காலி கொடுத்தாங்க, பேனாவைக் கொடுக்கலீங்களே

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். வளைவுக்கு நம்பர் போட்ட அரசாங்கம் மலையில் வாழ்கிறவனை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் மாணவத் தோழர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு படிப்பு வட்டம் நடத்த மேலே போனேன்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதம் அரசே விழா எடுக்கிறது. ஓரியின் வில் வீரத்தை மேடையில் முழங்குவார்கள். அந்த ஓரியைக் காரி கொன்று மலையைப் பிடுங்கிச் சேரனுக்குக் கொடுத்த கதையையும் சொல்வார்கள். பிடுங்குகிற வேலை சங்க காலத்தோடு முடிந்துபோனது போலச் சொல்வதுதான் வேடிக்கை.

டீக்கடையில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். மலையாளி பழங்குடி, முன்பு ஊராட்சித் தலைவராக இருந்தவர். பெயர் வேண்டாம் என்றார். மண்பாதை கேட்டு மூன்று முறை தீர்மானம் போட்டாராம். மூன்று முறையும் ஏதோ ஓர் ஆபீசில் போய்ப் படுத்துக்கொண்டதாம். “பிரசவ வலி வந்தா இன்னும் தொட்டில் கட்டித்தான் தூக்கறோம். தலைவர்னு நாற்காலி கொடுத்தாங்க, பேனாவைக் கொடுக்கலீங்களே” என்றார்.

ஒரு மாணவர் கேட்டார்: “தோழர், அமெரிக்காவுல பெரிய பெரிய நகரத்துக்கெல்லாம் கறுப்பர்கள் மேயரா வந்தாங்களே, அங்க பேனா கிடைச்சுதா?”

நல்ல கேள்வி. அன்று ராத்திரி முழுக்க அதையே பேசினோம். பேசியதைத்தான் எழுதுகிறேன்.

சிகாகோவை எடுத்துக்கொள்வோம். நகர மன்றத்தில் 50 வார்டு, 50 உறுப்பினர், தலைக்கு மேலே மேயர். 1983இல் ஹரால்டு வாஷிங்டன் அந்நகரின் முதல் கறுப்பின மேயராக ஜெயித்தார். மக்கள் தெருவில் ஆடினார்கள். மறுநாளே ஆட்டம் வேறானது. 50 உறுப்பினர்களில் 29 பேர் அவருக்கு எதிராக அணி கட்டினார்கள். கமிட்டிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் நியமித்தவர்களுக்கு ஒப்புதல் தராமல் இழுத்தடித்தார்கள். மேயரிடம் இருந்தது தடுப்பாணை அதிகாரம் ஒன்றுதான். அதை முறிக்க 34 பேர் வேண்டும், எதிரணியிடம் 29தான். ஆக அவராலும் முழுசாக ஆள முடியவில்லை, அவர்களாலும் முடியவில்லை. மூன்று வருஷம் இப்படியே போனது.

முடிச்சு அவிழ்ந்தது நீதிமன்றத்தில். 1981இல் வார்டு எல்லைகளை வரைந்தபோதே கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் செறிவாக வாழ்ந்த பகுதிகளைத் துண்டாடி ஓட்டின் பலத்தைக் குறைத்திருந்தார்கள். 1965இன் வாக்குரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. 7 வார்டுகளுக்கு 1986இல் மறுபடி தேர்தல் நடந்தது. மன்றம் 25க்கு 25 ஆனது. சமநிலை வந்தால் மேயரின் ஓட்டு முடிவு செய்யும். நாற்காலி 1983இல் வந்தது, பேனா 1986இல்தான் கைக்கு வந்தது. 1987 நவம்பரில் தன் அலுவலக மேசையிலேயே சாய்ந்து அவர் செத்துப்போனார்.

அமெரிக்காவை உச்சிமேல் தூக்கிவைக்க இதைச் சொல்லவில்லை. கறுப்பர் மேயராக இருந்த அதே காலத்தில் அதே நகரத்தின் ஒரு போலீஸ் பிரிவில் கறுப்பின இளைஞர்களைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு இழப்பீடு தர நகர மன்றம் தீர்மானம் போட்டது 2015இல்தான். மேயர் அறை வரை போன பேனா போலீஸ் ஸ்டேஷன் வரை போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம கதை. அண்ணல் அம்பேத்கர் 1932இல் எதற்காக மல்லுக்கட்டினார்? எத்தனை இடம் என்பதைவிட அந்த இடத்துக்கு யார் ஆளைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் அவர் கேள்வி. காந்தியின் உண்ணாவிரதம் அந்தக் கேள்வியை முறித்தது. பூனா ஒப்பந்தத்தில் 148 இடங்கள் கொடுத்தார்கள், தனி வாக்காளர் தொகுதியை எடுத்துக்கொண்டார்கள். இடத்தின் எண்ணிக்கை ஏறியது, குரல் அடுத்தவன் தயவுக்குப் போனது. சிகாகோவில் வார்டுக் கோட்டை வைத்துச் செய்ததை இங்கே கூட்டு வாக்காளர் தொகுதியை வைத்துச் செய்தார்கள்.

சென்னைக்கு வாருங்கள். 1688இல் தொடங்கிய மாநகராட்சி. 1945இல் நம்முடைய என். சிவராஜ் மேயராக இருந்தார். 2022இல் ஆர். பிரியா முதல் தலித் பெண் மேயரானார். இரண்டும் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் நிர்வாக அதிகாரம் யாரிடம்? மாநில அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். ஆணையரிடம். மேயருக்கு அங்கி, செங்கோல், கூட்டத்துக்குத் தலைமை. சிகாகோ மேயரிடம் தடுப்பாணையாவது இருந்தது.

கிராமத்துக்கு வந்தால் ரத்தமே பேனாவின் விலை. 1993இல் 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது, 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996இல் தேர்தல். மேலவளவு ஊராட்சி தலித்துக்கு ஒதுக்கப்பட்டதையே ஆதிக்க சாதியினரால் பொறுக்க முடியவில்லை. வாக்குப்பெட்டியைத் தூக்கினார்கள். அதையும் மீறித் தலைவரான முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று ஓடுகிற பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், 2009இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2019இல் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே வெளியே விட்டது. நீதிமன்றம் எழுதியதை அரசின் பேனா அடித்துப் போட்டது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் 10 வருஷம் தேர்தலே நடக்கவிடவில்லை. நடந்தால் ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006இல்தான் அந்தப் பூட்டு உடைந்தது.

வெட்டுகிற ஊர் செய்தியில் வரும். வெட்டாத ஊரில் என்ன நடக்கிறது? நம் சட்டப்படி ஊராட்சிப் பணத்துக்கான காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் தலித், துணைத்தலைவர் ஆதிக்க சாதி என்றால் தீர்ந்தது. அரிவாள் வேண்டாம், கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும். தெருவிளக்கு எரியாது, தண்ணித் தொட்டி மோட்டார் ஓடாது, துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் வராது. “பாத்தீங்களா, இவங்களுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியாது” என்று ஊர் பேசும். சிகாகோவின் அந்த 29 பேர் செய்த வேலையை நம் ஊரில் ஒற்றை ஆள் செய்கிறார். அதற்கும் மேலே, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை நீக்க மாவட்ட ஆட்சியருக்கு அதே சட்டம் அதிகாரம் தருகிறது.

அப்படியானால் கொல்லிமலையில் என்ன சிக்கல்? இங்கே வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, சேளூர் நாடு என்று எந்த நாட்டுக்குப் போனாலும் பெரும்பான்மை பழங்குடிகள்தான். தலைவரும் அவர்கள், உறுப்பினரும் அவர்கள். சட்டமன்றத்துக்குச் சேந்தமங்கலம் பழங்குடியினருக்கான தனித்தொகுதி. பிறகும் பேனா ஏன் இல்லை? சமவெளியில் துணைத்தலைவர் செய்கிற வேலையை மலையில் ஆபீஸ்கள் செய்கின்றன, அவ்வளவுதான். நிலம் காடு என்று ஒரு ஆபீஸ், புறம்போக்கு என்று இன்னொரு ஆபீஸ். வழக்கு என்றால் 70 வளைவும் இறங்கணும். வாய்தா வாங்கிக்கொண்டு ஏறணும். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு போச்சு.

அரசியல் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த பகுதிகளுக்காக 1996இல் ஒரு ஊராட்சிச் சட்டமே வந்தது. நிலம், சிறுவன மகசூல், கனிமம் எல்லாவற்றிலும் கிராம சபைக்கு அது ஒரு சொல் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி ஏறத்தாழ 8 லட்சம் பழங்குடிகள். அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது ஒரு சதுர அடி கூட இல்லை. ஆட்சிகள் மாறி மாறி வந்தன, இதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கொள்கை!

நீதிமன்றமும் தன் பங்குக்குச் செய்தது. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது நின்றது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2016இல். எட்டு வருஷம்! அதே 2016இல் உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினருக்குரிய ஒதுக்கீடு சரியாக இல்லை என்பதும் அந்த வழக்கில் சொல்லப்பட்ட குறை. குறையைச் சரி செய்து உடனே தேர்தல் வைத்தார்களா? 2019 டிசம்பர் வரை தனி அலுவலர் ஆட்சிதான். பழங்குடிக்கு இடம் போதவில்லை என்று சொல்லி இருந்த இடத்தையும் காலியாக்கிய விந்தையை வேறு எங்கே பார்க்க முடியும்? 2025 ஜனவரியில் அடுத்த ஐந்தாண்டு முடிந்தபோதும் நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் மறுபடி தனி அலுவலர்களே வந்து உட்கார்ந்தார்கள்.

பேனாவே கிடையாதா என்றால், ஒன்று கிடக்கிறது. நாம்தான் எடுக்கவில்லை. வன உரிமைச் சட்டத்தில் உரிமைக் கோரிக்கையைத் தொடங்கி வைக்கிற அதிகாரம் கிராம சபைக்குத்தான். கோரிக்கை விசாரித்து முடியாமல் யாரையும் காட்டை விட்டு வெளியேற்ற முடியாது. பாதை, பள்ளி, தண்ணித் தொட்டி மாதிரி 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாமல், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், வன நிலத்தைக் கேட்கலாம். அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். டீக்கடைப் பெரியவர் மூன்று முறை கேட்ட பாதை இந்தப் பிரிவுக்குள் வரக்கூடியது. ஊராட்சித் தீர்மானமாகப் போட்டாரே தவிர, இந்தச் சட்டத்தின்கீழ் கிராம சபையைக் கூட்டிப் பரிந்துரையாகப் போடச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதிகாரிகள் சொல்லமாட்டார்கள். நாம் சொன்னோமா?

ஒடிசாவில் நியமகிரி மலை. பாக்சைட்டுக்காக மலையைக் கேட்டார்கள். கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகளும் கூடி முடியாது என்றன. மலை தப்பித்தது. கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டும் முன் எந்தக் கிராம சபையைக் கேட்டார்கள்?

எனக்கும் நம் தோழர்களுக்கும் இதில் குற்றம் உண்டு. தேர்தலில் நம்மவர் ஜெயித்தால் மாலை போடுகிறோம், போஸ்டர் ஒட்டுகிறோம். மறுநாள் முதல் அவரைத் தனியாக விட்டுவிடுகிறோம். காசோலையில் கையெழுத்து வராமல் அவர் அலையும்போது நாம் அடுத்த மாநாட்டுக்கு நிதி வசூலித்துக்கொண்டிருக்கிறோம். பெண் தலைவர் என்றால் அவர் வீட்டுக்காரரிடம்தான் பேசுகிறோம். இதுவும் பேனாவைப் பிடுங்குகிற வேலைதான்.

ஆகவே கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். தலித், பழங்குடித் தலைவர்களின் கையைக் கட்டும் இரட்டைக் கையெழுத்து முறையை மாற்று. தலைவரை நீக்கும் அதிகாரத்தை ஆட்சியரிடமிருந்து எடுத்துக் கிராம சபையிடம் கொடு. கொல்லிமலை உள்ளிட்ட பழங்குடி மலைகளை ஐந்தாம் அட்டவணையில் சேர். அதுவரை, சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கிராம சபைக்கும் போவோம். பாதிப் பேர் வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும். இது வன உரிமை விதி. அந்தக் கூட்டத்தைச் சேர்ப்பதுதான் நம் அடுத்த வேலை.

கிளம்பும்போது பெரியவர் கேட்டார்: “அடுத்த தடவ வர்றப்ப அந்தச் சட்டத்தத் தமிழ்ல எடுத்துட்டு வர்றீங்களா?”

எடுத்துக்கொண்டு போகிறோம். மாணவத் தோழர்களே, உங்களில் யார் வருகிறீர்கள்?