வரைபடத்தில் நிறம் மாறும் அன்றே நம் வீடு பறிபோகிறது!

தோட்டத்திலும் கம்பத்திலும் வாழும் சகோதர சகோதரிகளே,

வெளியேறச் சொல்லும் நோட்டீஸ் வாசலில் ஒட்டப்பட்ட பிறகுதான் நம்மவர்கள் வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ஊராட்சி மன்றத்தின் வரைபடத்தில் விவசாய நிலம் என்ற நிறம் அழிந்து, கலப்பு மேம்பாடு என்ற நிறம் ஏறிய அன்றே உங்கள் வீட்டின் தலைவிதி முடிவாகிவிட்டது. அந்த வரைபடத்துக்கு அது காலி நிலம். மூன்று தலைமுறையாக அங்கே பால்மரம் வெட்டியவர்களின் லயமும் அவர்கள் கட்டிய கோயிலும் அதன் கண்ணில் படுவதில்லை.

புக்கிட் கியாராவைப் பாருங்கள். கோலாலம்பூரில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1980-களில் தொழிலாளர் குடும்பங்கள் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் 'ரூமா பாஞ்சாங்' எனப்படும் நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீடு வரும் என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள்.

2017-ல், பக்கத்திலிருந்த தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் 12 ஏக்கரில் ஒரு திட்டத்துக்கு மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. 42 முதல் 54 மாடி வரை எட்டுக் கட்டடங்கள்; அவற்றோடு 29 மாடியில் 350 கட்டுப்படி விலை வீடுகள். நம் மக்களுக்கான வீடு அந்த 29 மாடிக் கட்டடத்தில்! அதாவது, பணக்காரருக்கான மாடி எழும்பினால்தான் ஏழைக்கு வீடு என்றாகிவிட்டது.

வட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. கட்டமைப்புத் திட்டம் திறந்தவெளி என்று குறித்த நிலத்தில், தக்க காரணம் காட்டாமல் மாநகர் மன்றம் அத்திட்டத்தை மீறிப் போக முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

பூங்காவைக் காத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கேட்டது நியாயம். சுமார் 100 குடும்பங்களுக்கு வீடு கட்ட 54 மாடி வேண்டுமா? நம் வீட்டை மேம்பாட்டாளரின் லாபத்தோடு முடிச்சுப் போட்டவர்கள் மேல்தான் கோபம். தீர்ப்பு வந்த நாளிலும் நம் மக்கள் அதே நீண்ட வீட்டில்தான் இருந்தார்கள்.

நகரை ஒட்டியுள்ள தோட்டங்களுக்கு நாளை இதே நிலைதான். ஆகவே சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தீபகற்ப மாநிலங்களில் நடப்பில் உள்ளது 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். அதன்படி, 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' எனும் உள்ளூர்த் திட்டத்தின் நகல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தரப்பட வேண்டும். பட்டா உள்ளவர்தான் ஆட்சேபிக்கலாம் என்ற நிபந்தனை அப்போது கிடையாது. பின்னால் மேம்பாட்டாளர் அனுமதி கேட்டு மனுச் செய்யும்போது கதை வேறு. உள்ளூர்த் திட்டமே இல்லாத இடங்களில்கூட, 21 நாள் ஆட்சேப உரிமை அண்டை நில உரிமையாளருக்குத்தான்; லயத்தில் குடியிருப்பவருக்கு அல்ல. கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம் உண்டு. அங்கும் நகல் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது.

பட்டா இல்லாத நமக்குத் திறந்திருக்கும் கதவு அந்த நான்கு வாரம்தான். அறிவிப்பு தமிழ்ப் பத்திரிகையில் வர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நாம்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

இன்றே ஒரு குடியிருப்பாளர் குழு அமையுங்கள். ஊராட்சி மன்ற அலுவலகத்துக்குப் போய், உங்கள் தோட்டத்துக்கு வரைபடத்தில் என்ன நிறம் என்று கேளுங்கள். நகல் திட்டம் வெளிவந்தால் எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள். நேரில் விளக்க வாய்ப்புக் கேளுங்கள். வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, சுடுகாடு எல்லாவற்றையும் குறித்துக் கொடுங்கள். பழைய சம்பளச் சீட்டு, மின்சார பில், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

நம் கோரிக்கை ஒன்றே: தொழிலாளர் வீடு முதலில், மாடிக் கட்டடம் பிறகு. திட்ட அனுமதிக்கு நிபந்தனை விதிக்க ஊராட்சி மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தேர்தல் மேடையில் கொடுத்த வாக்கை நீதிமன்றத்தில் காட்ட முடியாது. அனுமதிக் கடிதத்தில் எழுதிய நிபந்தனையைக் காட்ட முடியும். அதை எழுத வைப்போம்!