மொட்டையடிப்பது மரம் வளர்ப்பதாகாது

"அடித்து வளர்க்காத பிள்ளையும் ஒடித்து வளர்க்காத முருங்கையும் உருப்படாது" என்று நம் ஊர்களில் ஒரு பழமொழி உண்டு. பிள்ளையைப் பற்றிய பாதி இன்று செல்லாது. பள்ளிக்கூடத்தில் குழந்தைகளை அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டமே தடை செய்துவிட்டது. முருங்கையைப் பற்றிய பாதி மட்டும் இன்றும் உண்மை. ஆனால், முருங்கைக்காகச் சொல்லப்பட்ட அந்தப் பாதியை நாம் வீட்டு வாசலில் நிற்கும் எல்லா மரங்களுக்கும் பொருத்திவிட்டோம். வினை அங்கேதான் தொடங்குகிறது.

பெங்களூரில் நம்மவர்களின் வீடுகளைப் பாருங்கள். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். போன்ற தொழிற்சாலைகளில் ஆயுள் முழுவதும் உழைத்து, சேமநல நிதியில் கடன் வாங்கி, முப்பதுக்கு நாற்பது அடி மனையில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் பலர். அந்தச் சிறிய மனையிலும் ஓரத்தில் ஒரு தென்னை, ஒரு மா, ஒரு கறிவேப்பிலை வைக்காமல் அவர்களுக்கு மனம் ஆறவில்லை. ஊரில் விட்டு வந்த தோட்டத்தை இங்கே ஒரு மூலையிலாவது வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை. அது நல்ல ஆசை. அந்த மரங்கள் இன்று மாடிக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. இப்போது அவற்றைப் பார்த்தே பயப்படுகிறோம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்தில் இடியோடு வரும் மழைக்கு முன்னால் சுழன்றடிக்கும் காற்று இந்த நகரத்தில் ஆண்டுதோறும் மரங்களைச் சாய்க்கிறது. கார் நசுங்குகிறது, மின் கம்பி அறுகிறது, சில நேரம் உயிரும் போகிறது. ஆகவே கோடை தொடங்கியதும், "மரம் வெட்டணுமா?" என்று அரிவாளும் கயிறுமாகத் தெருவில் வருகிறவரைக் கூப்பிடுகிறோம். "மேலே எல்லாத்தையும் எடுத்துடப்பா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். அரை நாளில் மரம் மொட்டை. வீட்டுக்காரருக்கு நிம்மதி.

அந்த நிம்மதி பொய் என்பதே இக்கட்டுரையின் வாதம். உச்சியை வெட்டிய மரம் பாதுகாப்பான மரம் ஆவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது முன்னைவிட ஆபத்தான மரமாகிவிடுகிறது.

மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை

நம் கையில் வெட்டுப்பட்டால் பழைய சதை போய்ப் புதுச் சதை வருகிறது. மரத்துக்கு அப்படி இல்லை. வெட்டுப்பட்ட கட்டை வெட்டுப்பட்டதாகவே உள்ளே கிடக்கும். அழுகல் பரவாமல் மரம் அதைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே ஒரு தடுப்பை எழுப்புகிறது. வெளியே புதுப் பட்டை வளர்ந்து மூடுகிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் பிளந்து பார்த்து இதை நிறுவினார். 1977-ல் வெளிவந்த அவருடைய ஆய்வுக்குப் பிறகுதான், கிளை வெட்டும் முறையே உலகெங்கும் மாறியது.

உச்சியை நடுவில் வெட்டினால் என்ன ஆகிறது? அங்கே காயம் பெரிது. தடுப்பு எழுப்ப மரத்துக்கு வசதியான இடமும் அதுவல்ல. முண்டு வழியே நீர் இறங்கி உள்ளே அழுகுகிறது. இலையெல்லாம் போனதால் மரம் பட்டினி கிடக்கிறது. அந்தப் பட்டினி தீர, முண்டைச் சுற்றிலும் பத்து இருபது போத்துகளை அவசரமாக விடுகிறது. ஓராண்டில் அவை ஆள் உயரத்துக்கு மேல் போய்விடும். "பார், எப்படித் துளிர்த்துவிட்டது!" என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் அந்தப் போத்துகள் கட்டையின் ஆழத்திலிருந்து வந்தவை அல்ல. மேல் பட்டையை ஒட்டிக்கொண்டிருப்பவை. கனம் ஏறி, கீழே அழுகலும் சேர்ந்தபின், காற்றில் முதலில் முறிந்து விழுவது அவைதான். நாம் எதற்குப் பயந்து வெட்டினோமோ, அதையே கூலி கொடுத்து உண்டாக்கிக்கொள்கிறோம்.

மரம் சாய்வதற்கான காரணம் பல சமயம் உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது. சாக்கடைக்கும் கேபிளுக்கும் தோண்டும்போது வேரை அறுக்கிறோம். பிறகு தண்ணீர் இறங்காதபடி அடிமரம் வரை சிமெண்டு பூசுகிறோம். டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் சிமெண்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. அந்த உத்தரவின் நியாயம் நம் வீட்டு வாசலுக்கும் பொருந்தும்.

மரத்துக்கு மரம் வேறு

நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். "கவாத்து" என்றால் என்ன என்று சொல்வார்கள். எந்தக் காலத்தில், எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் கத்தி விழ வேண்டும் என்பதற்கு அங்கே கணக்கு உண்டு. கண்டபடி வெட்டினால் செடி போய்விடும். தேயிலைக்கு இருக்கும் அந்தக் கணக்கு நம் வீட்டு மரங்களுக்கும் உண்டு.

முருங்கையை எடுத்துக்கொள்வோம். விதை முருங்கையை முக்கால் மீட்டர் உயரத்தில் நுனி கிள்ள வேண்டும். காய்த்து முடிந்தபின் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டினால் மறுபடி தழைத்துக் காய்க்கும். பழமொழி இங்கே சரி. கறிவேப்பிலையையும் ஒரு மீட்டர் உயரத்தில் நுனி கிள்ளினால் ஐந்தாறு கிளை விட்டுப் புதராகும். கொய்யா புதுத் தளிரில் பூப்பதால், அளவோடு வெட்டினால் நன்மையே.

மாமரத்துக்கு இது பொருந்தாது. மா பூப்பது முற்றிய கிளையின் நுனியில். காய் பறித்தவுடன், ஆடி ஆவணிக்குள் கவாத்து செய்தால் புதுக்கிளை முற்றி மார்கழி, தையில் பூ எடுக்கும். கார்த்திகையில் நுனியை வெட்டிவிட்டு, "மரம் பூக்கவில்லையே" என்று கேட்டுப் பயனில்லை. பலா அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் காய்க்கும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முண்டுகளை அழகுக்காகச் சீவுகிறவர், காய் வரும் இடத்தையே சீவுகிறார். எலுமிச்சையிலும் ஒட்டு மாவிலும் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை உடனே எடுக்க வேண்டும். விட்டால் நல்ல ஒட்டு மறைந்து, வேர்க்கன்றின் சாதியே மரமாகிவிடும்.

எல்லாவற்றிலும் அதிகமாக அவதிப்படுவது தென்னை. "சுத்தம் பண்ணுகிறேன்" என்று ஏறுகிறவர் பச்சை மட்டைகளையும் சேர்த்துக் கழித்து, உச்சியில் நாலு ஓலையோடு விட்டு இறங்குகிறார். தென்னையில் ஒரு மட்டையின் கக்கத்தில் ஒரு பாளை. பச்சை மட்டையை வெட்டினால் குலைக்கு உணவு ஊட்டும் இலையை வெட்டுகிறோம். அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். காய்ந்த மட்டை, பன்னாடை, நடைபாதைக்கு மேல் தொங்கும் நெற்றுக் குலை ஆகியவற்றை மட்டும் எடுங்கள். பச்சை மட்டையை வெட்டியே தீர வேண்டுமென்றால் அடியில் நான்கடி விட்டு வெட்டுவதே முறை.

எங்கே வெட்டுவது?

கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில் மோதிரம் போல் ஒரு வீக்கம் இருக்கும். மரம் தன் தடுப்பை எழுப்புவது அங்கேதான். அந்த வீக்கத்துக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். அடிமரத்தோடு ஒட்ட வழித்தெடுத்தாலும் தவறு. ஒரு சாண் முண்டு விட்டு வெட்டினாலும் தவறு.

கனத்த கிளையை ஒரே வெட்டில் எடுத்தால், அது சாயும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்பக்கமிருந்து கொஞ்சம் ரம்பம் போடுவது முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குவது இரண்டாவது. மிஞ்சிய முண்டை வீக்கத்துக்கு வெளியே எடுப்பது மூன்றாவது. அரிவாளைவிட ரம்பமே நல்லது.

காயத்துக்குத் தார் பூசுவது வீண். மழைக்காலத்தில் மா, எலுமிச்சை போன்றவற்றுக்கு போர்டோ பசை தடவலாம். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, 1 லிட்டர் தண்ணீர் போதும். இரும்புப் பாத்திரத்தில் மட்டும் கலக்கக் கூடாது.

ஓராண்டில் மரத்தின் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். முதலில் காய்ந்தது, அடுத்து நோயுற்றது, பிறகு ஒன்றோடொன்று உரசுவது என்ற வரிசையில் எடுத்தாலே பல மரங்களில் வேலை முடிந்துவிடும். வெட்டுமுன் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். மாசி முதல் வைகாசி வரை பல பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். ஆகையால் கோடைக் காற்றுக்கான வேலையைத் தை மாதத்திலேயே முடிப்பது உத்தமம். கன்று வைக்கும்போதே இடம் பார்த்து வைத்து, கிளைகளை இளமையிலேயே சீர்செய்தால் பிறகு பெரிய கிளையை வெட்டும் தேவையே வராது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

மேலே ஏறுகிறவர் உயிர்

மரத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அதில் ஏறுகிறவரைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. ஆலையில் வேலை பார்க்கும் நமக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு கேட்கச் சங்கம் உண்டு. தெருவில் கூப்பிட்ட அந்த நாட்கூலிக்காரருக்கு என்ன இருக்கிறது? அவரும் பெரும்பாலும் நம்மைப் போலவே ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர்தான். இடுப்பில் கயிறில்லாமல், செருப்பில்லாத காலோடு, இரண்டு மாடி உயரத்தில் ஒரு கையால் பிடித்து மறு கையால் வெட்டுகிறார். கீழே நின்றுகொண்டு நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்.

வேலை கொடுப்பவர் நாம் என்றால் பொறுப்பும் நம்முடையதே. நல்ல கயிறு இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். கயிற்றை வெட்டப்போகும் கிளையில் கட்டாமல், அதற்கு மேலே உறுதியான கவட்டையில் கட்டச் சொல்லுங்கள். குடித்திருப்பவரை, மழை ஈரத்தில், அந்தி நேரத்தில் ஏற்றாதீர்கள். குழந்தைகளைக் கீழே விடாதீர்கள்.

மின் கம்பியை ஒட்டிய கிளையைக் கூலியாள் வெட்டவே கூடாது. பச்சை மரமும் ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும்; இரும்புத் தொரட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெஸ்காம் மின் நிறுவனத்துக்கு 1912 என்ற எண்ணில் தகவல் சொல்லி, இணைப்பைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும். ஆள் வரத் தாமதமாகலாம். தாமதம் உயிரைவிடப் பெரிதல்ல.

அண்டை வீடும் சட்டமும்

1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சில இனங்கள் நீங்கலாக, சொந்த மனையில் நிற்கும் மரத்தைச் சாய்க்கவும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். மகாராஷ்டிரத்தில் 1975-லும் டில்லியில் 1994-லும் இத்தகைய சட்டங்கள் வந்தன. பெரிய கிளைகளை எடுக்குமுன் உங்கள் பகுதி மாநகராட்சியின் வனப்பிரிவைக் கேட்டுவிடுவது நல்லது. வாடகைக்கும் போக்கியத்துக்கும் இருப்பவர்கள் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

சட்டத்தைவிடப் பெரியது அண்டை வீட்டாரின் மனம். மதில் தாண்டிய கிளையும் பக்கத்து வாசலில் உதிரும் சருகும் எத்தனையோ தெருக்களில் பேச்சுவார்த்தையை முறித்திருக்கின்றன. மொழி வேறான தெருவில் சிறு சச்சரவும் வேறு நிறம் பெற்றுவிடும் என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள். வெட்டும் நாளை முன்கூட்டியே அவர்களுடைய மொழியில் சொல்லுங்கள். அந்தப் பக்கம் விழும் தழையை நீங்களே அள்ளுங்கள். அந்தப் பக்கம் காய்க்கும் மாங்காய் அவர்களுக்கே என்று சொல்லிவிடுங்கள். பத்து மாங்காய் செய்கிற சமாதானத்தைப் பஞ்சாயத்து செய்யாது.

பிழைக்க வந்த இடத்தில் மரம் வைப்பது, இங்கே நாம் நிலைத்துவிட்டோம் என்பதற்கு அடையாளம். இந்த நகரத்தின் நிழலில் நம் பங்கும் உண்டு என்பதற்குச் சாட்சி. இந்தக் கோடைக்கு முன்னாவது, "மேலே எல்லாத்தையும் எடுத்துடப்பா" என்று சொல்வதை விட்டுவிட்டு, அரை மணி நேரம் மரத்தடியில் நின்று, எந்தக் கிளை வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துச் சொல்வோம். கயிறு கட்டிய பிறகே ஆளை ஏறச் சொல்வோம். மரமும் நிற்கும், ஏறியவரும் மாலையில் முழுசாக வீடு போய்ச் சேர்வார்.