வாடைக்கு வாசனை மருந்தல்ல

ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்தால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்: துவைத்த துணியிலும் ஈர வாடை! உடனே பீரோவில் அந்துருண்டை, பக்கெட்டில் வாசனைத் திரவம். இதெல்லாம் வாடையை மறைக்குமே தவிர போக்காது என்பது என் கட்சி.

ஈரத்தில் பெருகும் கிருமிகள்தான் காரணம். 2012-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் 'மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ்' என்ற பாக்டீரியாவை அடையாளம் காட்டினார்கள். துணி காய்ந்தாலும் அது சாகாது; மறுபடி ஈரம் பட்டால் வாடையும் திரும்பும். பருத்தி எப்படி ஈரம் இழுக்கும் என்று நூல் மில் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

நாம் மறப்பது இஸ்திரி மேசையில் விரித்த பழைய போர்வையை. தினமும் அதன்மேல் தண்ணீர் தெளித்துத் தேய்க்கிறோம், துவைக்கிறோமா? அங்கிருந்துதான் சுத்தமான சட்டைக்கும் வாடை ஏறுகிறது. அதை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயில் அடிக்கும் நாளில் இரண்டு பக்கமும் காயப்போடுங்கள். மழை நாளில் ஃபேன் காற்று. தேய்த்த துணியையும் ஆறவிட்டே அடுக்குங்கள்.

குழந்தைத் துணியில் நாப்தலீன் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். ஜி6பிடி குறைபாடுள்ள பச்சைக் குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். வாடையைவிட அது பெரிய ஆபத்து இல்லையா?