பேர் தெரியாத பெரியவரைப் பார்க்கப் போனோம்



சித்தியவானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் மகன் சவூதி அரேபியாவில் வேலை பார்க்கிறாராம். லீவு நாளில் ஹெக்ரா என்ற இடத்துக்குப் போய், பாலைவனத்தில் மலையைக் குடைந்து செய்த கல்லறைகளைப் படம் பிடித்து அனுப்பினாராம். "ஐயா, அதைப் பற்றி எழுதுங்களேன்" என்று கேட்டிருக்கிறார்.

எழுதலாம் அம்மா. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன், ஒட்டகத்தில் சாம்பிராணி ஏற்றி வாணிபம் செய்த நபத்தேயர் என்ற மக்கள் குடைந்தவை அவை. மொத்தம் 111 கல்லறைகள். 94-இல் சிற்ப வேலை உண்டு. ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டார்கள். அதன் மேல்பாகம் வழவழப்பாக, கீழ்ப்பாகம் கரடுமுரடாக நிற்கிறது. கொத்தனார்கள் உச்சியில் தொடங்கித்தான் கீழே இறங்கியிருக்கிறார்கள் என்பது அதை வைத்தே தெரிகிறது. பல கல்லறைகளின் வாசலில், இது இன்னாருடையது, இன்னாரை மட்டுமே இதில் வைக்கலாம், மீறினால் இவ்வளவு அபராதம் என்று வெட்டியும் வைத்திருக்கிறார்கள். செத்த பிறகும் வீட்டுப் பத்திரம்!

ஆனால் அவ்வளவு தூரம் போக நமக்கு ஏது வசதி? ஈப்போவிலிருந்து கோலகங்சார் வழியாக ஒன்றரை, இரண்டு மணி நேரம் காரில் போனால் லெங்கோங். அங்கேயும் பாறைக்குள் ஒரு கல்லறை இருந்தது. மனிதன் குடைந்ததல்ல, இயற்கையாக அமைந்த சுண்ணாம்புக் குகை. அதில் படுத்திருந்தவர், ஹெக்ராக்காரர்கள் பிறப்பதற்கு எட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர்.

போன மாதம் என் அக்காவையும் அவர் பேரனையும் அழைத்துக்கொண்டு போனேன். பையனுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே இடது கை விரல்கள் குட்டையாக, ஒட்டினாற்போல் இருக்கும். படிப்பில் கெட்டி. ஆனால் அந்தக் கையைக் காற்சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். அது அவன் கற்றுக்கொண்டதல்ல, நாம் கற்றுக்கொடுத்தது. கல்யாண வீட்டில் படம் எடுக்கும்போது, "கையை உள்ளே வை அய்யா" என்று அக்காவே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கோத்தா தம்பானில் உள்ள தொல்பொருள் காட்சியகத்துக்குப் போனோம். அங்கேதான் 'பேராக் மனிதனை'க் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில், குவா குனோங் ருந்து என்ற குகையில், பேராசிரியர் ஸுரைனா மஜீத் தலைமையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழுவினர் தோண்டி எடுத்த எலும்புக்கூடு அது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கால்களை மடக்கி, தாய் வயிற்றில் பிள்ளை கிடப்பதுபோல் கிடத்தியிருந்தார்கள். நம் தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில், முன்னோர்களைத் தாழிக்குள் வைத்துப் புதைத்தார்களே, அதுதான் என் நினைவுக்கு வந்தது. அது இதைவிட எவ்வளவோ பிந்தியது.

அவரைச் சுற்றிக் கல் ஆயுதங்கள், விலங்குகளின் எலும்புகள், ஆயிரக்கணக்கில் ஆற்று நத்தை ஓடுகள். சுங்கை சிப்புட் என்று ஊர்ப் பேரிலேயே நாம் வைத்திருக்கிறோமே, அந்தச் சிப்புட்தான். வழிச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் விஷயமே. அந்த மனிதருக்கு இடது கை ஊனம். விரலின் நடு எலும்பு பிறவியிலேயே சரியாக வளரவில்லை. இடது கை எலும்புகள் வலது கையைவிடச் சிறுத்திருக்கின்றன. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வயிறு கழுவிய காலம். அப்படிப்பட்ட காலத்தில் அவர் நாற்பது வயது தாண்டி வாழ்ந்திருக்கிறார். செத்தபின் இவ்வளவு சீர் செய்ததைப் பார்த்து, கூட்டத்தில் மதிப்புப் பெற்றவராக இருந்திருப்பார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதை நான் வாசித்துச் சொன்னதும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். பையன் மட்டும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான்.

"தாத்தா, எந்தக் கை?"

"இடது கை அய்யா."

"என் கை மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

கொஞ்ச நேரம் பார்த்தான். "சின்ன வயசுல இவருக்கு யாரு சாப்பாடு குடுத்திருப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அக்காதான், "அவங்க ஆயா குடுத்திருக்கும்" என்றார்.

வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்தபோது அக்கா எங்கள் சின்னம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நாங்கள் பிறந்த தோட்டத்தில் அவருக்கும் ஒரு கை சூம்பித்தான் இருந்தது. பால் வெட்ட முடியாது என்று செக்ரோலில் பேர் போட மறுத்துவிட்டார் கிராணி. சின்னம்மா எங்கள் அம்மா நிரையில் ஒட்டுப்பால் பொறுக்குவார், லயத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். சம்பள நாளில் அவருக்கென்று ஒரு காசு கிடையாது. பெண் பார்க்க யாராவது வந்தால் அவரைப் பின்கட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அதைச் செய்தது கிராணி இல்லை, நாங்கள்தான். அவரைப் புதைத்த மேட்டில் இன்று செம்பனை நிற்கிறது. எந்த மரத்தடி என்று அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் லெங்கோங் கடைத்தெருவில் பெக்காசாம் மீன் வாங்கினோம். அரிசி வறுத்துப் போட்டு ஊறவைத்த ஆற்று மீன். பொரித்துச் சாப்பிட்டால் பழைய சோற்றுக்குத் தேவாமிர்தம். பையன் பையைத் தூக்கிக்கொண்டான். எந்தக் கையில் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் முன்னால் நடந்தேன்.

போக விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. எலும்பு கிடைத்த குகைக்குள் நினைத்தபோதெல்லாம் நுழைய முடியாது. காட்சியகமும் அன்று திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். சிலிம், சுங்காய், பெர்ணம் ஆற்றுப் பக்கத்து வாசகர்கள் லெங்கோங் வரை வரக்கூட வேண்டாம். உங்கள் வட்டாரத்திலேயே கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய பழங்காலப் புதைகுழிகள் கிடைத்திருக்கின்றன. உள்ளே இரும்புக் கருவிகளும் மணிகளும் இருந்தன. மண்வெட்டி பிடித்த நம் தாத்தாக்களில் எத்தனை பேர் அந்தப் பலகைகளில் இடித்துக்கொண்டார்களோ! வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

சித்தியவான் சகோதரிக்கு: மகன் அனுப்பிய படங்களில் பாதியில் விட்ட அந்தக் கல்லறை இருந்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். அக்கா பேரன் கேட்கிறான்.