ரயிலின் பெயர் மாறியது, தொழிலாளியின் கூலி குறைந்தது!

"கிலோமீட்டருக்கு ஒரு பைசா, இரண்டு பைசாதானே!" ரயில் கட்டணம் ஏறும்போதெல்லாம் ஆட்சியாளர்கள் பாடும் பல்லவி இது. பைசாக் கணக்கு தொழிலாளிக்குப் புதிதா? பீஸ் ரேட்டில் பைசா பைசாவாகக் கூலி எண்ணி வாங்குகிறவன் அவன். கணக்கையே பார்ப்போம்.

2025 ஜூலை 1ந் தேதி ஒரு உயர்வு. அதே ஆண்டு டிசம்பர் 26ந் தேதி இன்னொரு உயர்வு. மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஏ.சி. இல்லாத வகுப்புக்கு முதலில் 1 பைசா, பிறகு 2 பைசா. 2,500 கிலோமீட்டர் கடந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வரும் வடநாட்டுத் தொழிலாளிக்கு ஒரு வழிக்கு 75 ரூபாய் கூடுதல். போக வர 150!

"புறநகர் ரயிலையும் சீசன் டிக்கெட்டையும் தொடவில்லையே" என்கிறார்கள். சொல்லித் தொடவில்லை, சரி. சொல்லாமல் தொட்டதை மறந்துவிட்டோமா?

2020ல் கொரோனாவைக் காட்டி பாசஞ்சர் வண்டிகளை நிறுத்தினார்கள். திரும்ப ஓடியபோது அதே பெட்டி, அதே பலகை, அதே நெரிசல். பெயர் மட்டும் 'ஸ்பெஷல்', 'எக்ஸ்பிரஸ்'. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய்! சீசன் டிக்கெட் கட்டுப்படியாக நிரந்தர வேலை வேண்டும். இன்று வேலை உண்டா இல்லையா என்று விடிந்த பிறகே தெரியும் விவசாயக் கூலிக்கும் தினக்கூலிக்கும் அன்றாட டிக்கெட்தான் கதி. போக வர 20 ரூபாய் கொடுத்தவர் 60 கொடுத்தார். மாதம் 25 நாள் வேலை என்றால் 1,000 ரூபாய் போயிற்று. இது கட்டண உயர்வல்ல, கூலிவெட்டு!

2024 பிப்ரவரி இறுதியில், பார்லிமெண்ட் தேர்தல் நெருங்கிய வேளையில், பழைய 10 ரூபாய் திரும்பியது. பறிகொடுத்த பணம் திரும்பியதா? முதியோர் சலுகையை, ஆண்களுக்கு 40 சதமும் பெண்களுக்கு 50 சதமும் இருந்ததை, 2020 மார்ச்சில் பறித்தார்கள். ஐந்தாண்டு கடந்தும் அது திரும்பவில்லை.

"100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம்" என்று ரயில்வே மந்திரி தர்மப் பிரபுவாகப் பேசுகிறார். ஐயா, விடியற்காலை வண்டி மில் வாசலுக்கு ஆள் சேர்க்கவில்லையென்றால் மிஷின் ஓடுமா? அந்த மலிவு டிக்கெட்டால் மலிவான உழைப்பைப் பெறுகிறவர் முதலாளி. அவரிடம் கேட்கவேண்டிய பணத்தை நின்றுகொண்டே பயணம் செய்கிறவனிடம் கேட்பது என்ன நியாயம்?

1924 முதல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. கட்டணம் ஏறினால் பார்லிமெண்டில் எதிர்த்துக் கேள்வி கேட்கும் மேடை அது. 2017ல் அதையும் பொது பட்ஜெட்டில் கரைத்துவிட்டார்கள். இன்று ஒரு சுற்றறிக்கை போதும், கட்டணம் ஏறிவிடும்.

தோழர்களே! கூலியில் ஒரு ரூபாய் குறைந்தால் மில் வாசலில் நிற்கிறோம். டிக்கெட் கவுண்டரில் அதே ரூபாய் பறிபோனால் வாய்மூடி வண்டி ஏறலாமா? பார்லிமெண்டின் சம்மதமின்றிக் கட்டணம் ஏறக் கூடாது! முதியோர் சலுகையைத் திருப்பிக் கொடு! பாசஞ்சர் வண்டியைப் பாசஞ்சராகவே ஓட்டு! இதை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒன்றாகக் கேட்போம்.