பூட்டிய வீடு

 

விடுமுறை வந்துவிட்டால் உற்றார் உறவினர் அனைவரும் ஒரே கூரையின் கீழ்க் கூடி மகிழ்வது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். இன்று நகரங்களில் நாம் வாழும் வீடுகளில் நான்கு விருந்தினர்க்குப் பாய் விரிக்கவும் இடமில்லை. கடலோர ஊர்களில் உள்ள நம் பாட்டனார் வீடுகளோ பூட்டிக் கிடக்கின்றன. இவ்விரண்டு குறைகளுக்கும் ஒரே தீர்வு உண்டா? தரங்கம்பாடியைப் பார்த்தபோது, உண்டு என்றே எனக்குத் தோன்றியது.

1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்ட டென்மார்க் நாட்டார் அங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுச் சென்றனர். கோட்டையின் அருகே கடலை நோக்கி நிற்கும் பழைய மாளிகை ஒன்றை நீம்ரானா விடுதி நிறுவனத்தார் செப்பனிட்டு, விருந்தினர் தங்கும் இல்லமாக்கினர். அகன்ற தாழ்வாரமும் உயர்ந்த தூண்களும் பழைய அழகோடு விளங்குகின்றன. ஒரு பெரிய குடும்பம் முழுதும் சேர்ந்து தங்கலாம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அவ்வூரில் பல உயிர்களைக் கொண்டு சென்றது. அதன் பின்னர் இன்டாக் அமைப்பினரும் பிறரும் அங்குள்ள பழைய வீடுகள் சிலவற்றைச் சீர்செய்தனர். இவ்வகை வேலையில் நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சுண்ணாம்புக் காரையால் ஆன சுவர், தான் உறிஞ்சும் ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரமும் கடலுப்பும் உள்ளேயே தங்கிச் சுவரை அரித்துவிடும். பழைய வீட்டைப் பழைய முறையிலேயே பழுது பார்ப்பதுதான் அறிவுடைமை.

எங்கள் பாட்டனாரின் வீட்டுக்கு வாரிசுகள் பதினான்கு பேர். நடுக்கூடத்தையும் முற்றத்தையும் பதினான்காகப் பிரிப்பது எவ்வாறு? யாருக்கும் மனமில்லாமலே விற்றோம். வாங்கியவர் இடித்தார். தேக்கு மரத் தலைவாசல் கதவு லாரியில் ஏறியபோது என் பெரிய மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

வீட்டைப் பிரிக்க இயலாவிடினும் அதன் வருவாயைப் பிரிக்கலாமே என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டைச் செப்பனிட்டு, கூட்டமாக வரும் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம். பராமரிப்புச் செலவு போக எஞ்சுவதை அவரவர்க்குரிய பாகப்படி, பெண்மக்களின் பங்கு ஒரு காசும் குறையாமல், கொடுத்துவிடலாம். ஆண்டில் சில நாட்களை நம் குடும்பத்தார்க்கென ஒதுக்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் தம் சாச்சா, மாமா மக்களின் முகம் மறவாது.

இதற்கு முதலில் வேண்டுவது பணமன்று, எழுத்து. யாருக்கு எவ்வளவு பாகம், சாவி யார் பொறுப்பு, கணக்கு யார் கையில் என்பவற்றை வாரிசுகள் அனைவரும் அமர்ந்து எழுதிக் கையொப்பமிட வேண்டும். உள்ளூர் அனுமதியையும் முறையாகப் பெற வேண்டும்.

உங்கள் வீடு இன்னும் நின்றுகொண்டிருந்தால், அதை விற்கும் முன் ஒருமுறை உடன்பிறந்தார் அனைவரையும் அவ்வீட்டுக்கே அழைத்துப் பேசுங்கள். எங்களுக்குக் கிட்டாத வாய்ப்பு உங்களுக்கேனும் கிட்டட்டும், இன்ஷா அல்லாஹ்.